அரை மில்லிமீட்டர் தகடு

ஆசிரியர் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் விதித்தனர். பொறியியல் பயில்வோர் மட்டுமன்றி, பொருளாதாரம் பயிலும் தம்பியும் சரித்திரம் பயிலும் தங்கையும் பாதியில் நிறுத்தாமல் படிக்க வேண்டும் என்பது அது. நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு வாஷர். அதிலும் சாதாரண வாஷர் அன்று. கனம் அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர், சில சமயம் அதிலும் குறைவு. இதில் எழுத என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

விடுதிச் சாப்பாட்டு மேஜை ஒரு காலில் ஆடினால் நாம் என்ன செய்கிறோம்? பழைய தேர்வுத்தாள் ஒன்றை நாலாக மடித்து அந்தக் காலடியில் செருகுகிறோம். ஆட்டம் நிற்கிறது. அந்தக் காகிதம் செய்யும் வேலையைத்தான் யந்திரங்களில் இந்த மெல்லிய தகடு செய்கிறது. இரண்டு பாகங்களுக்கு நடுவே எஞ்சிய இடைவெளியை அளவாக நிரப்புவது அதன் தொழில். பட்டறையில் இதற்கு 'ஷிம்' என்று பெயர். 'இடைத்தகடு' என்று நான் சொல்லிப் பார்த்தேன், பொருள் விளங்குகிறது. ஆயினும் பட்டறையில் நின்று இடைத்தகடு கேட்டால் ஒருவரும் எடுத்துத் தரமாட்டார்கள். ஆகையால் இக்கட்டுரையில் இரண்டு சொல்லும் வரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பொறியியல் மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒருவர் அமரும் சிறு கார் ஒன்றைக் கட்டிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இப்போது நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. கரடுமுரடான நிலத்தில் ஓடும் 'பாஹா' வண்டிப் போட்டி அமெரிக்காவில் தெற்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கியது. இந்தியாவுக்கு 2007-இல் வந்தது. நானும் அப்படியொரு குழுவில் இருக்கிறேன். என் பொறுப்பு, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கல் அமைப்பு, அதாவது சஸ்பென்ஷன். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் அந்த வண்டியில் அமர்பவன் என் அறைத்தோழன். அவன் இருக்கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பவை சில குழாய்களும் விரல் கன போல்ட்டுகளுமே. அந்த போல்ட்டு ஒவ்வொன்றிலும் இந்த இடைத்தகடுகள் கோத்திருக்கின்றன.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு முக்கோணக் கைகள். முக்கோணத்தின் முனை சக்கரத்தைத் தாங்கும் நிமிர்துண்டோடு சேரும். அடியின் இரண்டு கால்களும் வண்டிச் சட்டத்தோடு சேரும். சட்டத்துக் குழாயில் இரண்டு எஃகுக் காதுகளை எதிரெதிராகப் பற்றவைத்திருப்போம். கையின் நுனியில் 'ராட் எண்டு' என்னும் மூட்டு இருக்கும். வளையத்துக்குள் ஓர் எஃகுக் குண்டு, குண்டின் நடுவே துளை. நம் தோள்மூட்டு எப்படி எப்பக்கமும் திரும்புகிறதோ அப்படி இந்தக் குண்டும் வளையத்துக்குள் திரும்பும். இந்தக் குண்டைக் காதுகளுக்கு நடுவே வைத்து, இருபுறமும் ஒரு சிறு குழல்துண்டு கொடுத்து, எட்டு மி.மீ. போல்ட்டு ஒன்றைக் குறுக்கே ஓட்டி நட்டால் முடுக்கினால் மூட்டு தயார்.

காகிதத்தில் இது மிகச் சரியாக இருக்கும். குண்டின் அகலம் 12 மி.மீ., இரண்டு குழல்துண்டுகள் ஆறு ஆறு, ஆக 24. காதுகளின் இடைவெளியும் 24. ஆனால் பற்றவைப்புக்கு நம் கணக்கு தெரியாது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது காதைத் தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு கைதேர்ந்தவர் பற்றவைத்தாலும் அரை மி.மீ. இப்படியும் அப்படியும் போவது இயற்கை. 23.5 ஆகிவிட்டால் குண்டும் குழல்துண்டுகளும் உள்ளேயே போகா. அரத்தை எடுத்துக்கொண்டு அமர வேண்டியதுதான். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வரையும்போதே காதுகளின் இடைவெளியை 25 என்று குறித்துவிடுகிறார்கள். எஞ்சும் ஒரு மி.மீ.யை இடைத்தகடு கொண்டு நிரப்புவது திட்டத்திலேயே சேர்ந்த காரியம். ஷிம் என்றால் ஒட்டுப்போடும் வேலை என்று ஏளனம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பற்றவைக்கும்போதே சரியான நீளமுள்ள இரும்புத் துண்டு ஒன்றைக் காதுகளுக்கு நடுவே வைத்து போல்ட்டால் இறுக்கிக்கொண்டு, நன்றாக ஆறிய பின் எடுப்பதும் நல்ல பழக்கம்.

இடைவெளியை நிரப்பாமல் விட்டால் என்ன? ஒரு மி.மீ. தானே, நட்டைப் பலமாக முடுக்கினால் காதுகள் நெருங்கி வந்துவிடாவா என்று முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. காதுகள் நெருங்கும் என்பது உண்மையே. ஆனால் போல்ட்டின் பலம் எதற்குச் செலவாயிற்று என்பதே பார்க்க வேண்டியது.

எட்டு மி.மீ. போல்ட்டின் தலையில் 8.8 என்ற முத்திரை இருந்தால் அதைச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு முடுக்கலாம். அப்போது போல்ட்டின் உடலில் உண்டாகும் இழுவிசை ஏறக்குறைய 15,600 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கும் அதிகம். இந்த இறுக்கந்தான் குண்டையும் குழல்துண்டுகளையும் காதுகளையும் ஒரே கட்டையாக ஆக்குகிறது. சக்கரத்திலிருந்து வரும் உதையை உராய்வே தாங்கிக்கொள்கிறது. போல்ட்டு அடி வாங்குவதில்லை. நடுவில் வெற்றிடம் இருந்தாலோ, அந்த விசையில் ஒரு பங்கு காதுகளை வளைப்பதிலேயே செலவாகிவிடும். வளைந்த காதின் வேரில், பற்றவைப்பு முடியும் கோட்டில், எப்போதும் ஓர் இழுவை குடியிருக்கும். வண்டி ஓடும்போது ஒவ்வொரு பள்ளமும் அதன்மேல் இன்னொரு இழுவையைச் சேர்க்கும். ஆயிரக்கணக்கான முறை இப்படி நேர்ந்தால் அந்தக் கோட்டில் மயிரிழை விரிசல் பிறக்கும். இரும்புக்கும் களைப்பு உண்டு.

நட்டை மெதுவாக முடுக்கிக் காதுகளை வளையாமல் விட்டாலும் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். அப்போது குண்டு போல்ட்டின்மேல் இடமும் வலமும் நகரும். 'டக் டக்' என்று ஓசை கேட்கும். போல்ட்டு ஒவ்வோர் அடியிலும் உத்தரம்போல் வளையும். முதலில் சொன்னது மெல்லக் கொல்லும். இது சத்தமிட்டுக் கொல்லும்.

இப்போது இடைவெளியை அளக்கும் முறை. வெர்னியரின் உள் அலகுகளைக் கொண்டு காதுகளின் நடுவை அளக்கலாம். ஆனால் அலகு சற்றே சாய்ந்தாலும் அளவு கூடிவிடும். நான் நம்புவது ஃபீலர் கேஜைத்தான். விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகு இதழ்கள் கொண்ட கருவி அது. ஒவ்வோர் இதழிலும் கனம் பொறித்திருக்கும். குண்டையும் குழல்துண்டுகளையும் போல்ட்டோடு கோத்து, நட்டுப் போடாமல், எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க இடைவெளியில் இதழ்களைச் செருகிப் பார்க்க வேண்டும். கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் நான்கு திசைகளிலும் பார்க்க வேண்டும். நான்கிலும் 1.1 வந்தால் நிம்மதி: பக்கத்துக்கு 0.5, ஏதேனும் ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக 0.1. மேலே 1.1, கீழே 0.8 என்று வந்தால் காதுகள் இணையாக இல்லை என்று பொருள். தட்டையான வாஷர் எதுவும் அந்தக் கோணலைத் தீர்க்காது. காதை நிமிர்த்தியபின்தான் மற்ற பேச்சு.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குண்டை ஒட்டி வைப்பதா, காதை ஒட்டி வைப்பதா? குண்டின் விட்டம் 15.875 மி.மீ.; அகலம் 12. இருபுறமும் சீவிய இந்தக் குண்டின் தட்டை முகம் எவ்வளவு என்று பிதாகரஸ் தேற்றத்தால் காணலாம்: 15.875-இன் வர்க்கத்திலிருந்து 12-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 10.4 மி.மீ. அதாவது முகம் மிகச் சிறியது. வெளி வளையத்தின் அகலம் 9 மட்டுமே. ஆகையால் முகத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மி.மீ. பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தால்தான் மூட்டு ஏறக்குறைய 14 டிகிரி சாய முடிகிறது. அந்த முகத்தின்மேல் 16 மி.மீ. விட்டமுள்ள சாதாரண வாஷரைப் பதித்துவிட்டால், 10 டிகிரி சாய்வதற்குள் வாஷரின் விளிம்பு வளையத்தில் இடிக்கும். சக்கரம் இன்னும் ஏற வேண்டும், மூட்டு மறுக்கும், நெம்புகோல்போல் ராட் எண்டின் கழுத்து முறியும். எனவே குழல்துண்டைக் கூம்பாகக் கடைந்து, குறுகிய முனையைக் குண்டின் பக்கமும் அகன்ற முனையைக் காதின் பக்கமும் வைக்க வேண்டும். இடைத்தகடு அகன்ற முனைக்கும் காதுக்கும் நடுவே போகட்டும். அங்கே விட்டம் 14 இருந்தாலும் தடையில்லை.

இதற்கு ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். ஒரே காதில், போல்ட்டு ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளதாக மூட்டு அமைந்தால், வெளிப்புறத்தில் பெரிய வாஷர் ஒன்று கட்டாயம் வேண்டும். குண்டு வளையத்தைவிட்டுக் கழன்றாலும் கை போல்ட்டைவிட்டு ஓடாமல் அது தடுக்கும். அந்த வாஷருக்கும் வளையத்துக்கும் நடுவே கூம்புத்துண்டு கொடுத்துச் சாய்வுக்கு வழி செய்ய வேண்டும்.

சரி, இந்தத் தகடு எங்கே கிடைக்கும்? தில்லியில் இருக்கும் நமக்கு இது பெரிய பாக்கியம். சுற்றி அலைய மனமிருந்தால் எல்லாம் கிடைக்கும். கார் உதிரிபாகம் என்றால் காஷ்மீரி கேட். பித்தளை, செம்புத் தகடு என்றால் சாவ்ரி பஜார். பாத்திரத் தொழிலுக்காகத் துருப்பிடிக்காத எஃகை உருட்டும் பட்டறைகள் வசீர்பூரில் இருக்கின்றன.

முதன்முதலில் சாவ்ரி பஜாரில் ஒரு கடையில் நுழைந்து 0.3 மி.மீ. தகடு கேட்டேன். கடைக்காரப் பெரியவர், "எத்தனை நம்பர், தம்பி?" என்று இந்தியில் கேட்டார். தகட்டை இன்னும் கேஜ் நம்பரால் வழங்குகிறார்கள். நம்பர் ஏற ஏறக் கனம் குறையும். 20 நம்பர் 0.91 மி.மீ.; 24 நம்பர் 0.56, 26 நம்பர் 0.46, 30 நம்பர் 0.31, 36 நம்பர் 0.19, 40 நம்பர் 0.12. இவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் கடையில் விழிக்க வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் ஊர்த் தச்சர்கள் 'ஒரு நூல்' என்பார்கள் அல்லவா? இங்கே அதே அளவுக்கு 'சூத்' என்று பெயர். அதற்கும் நூல் என்றே பொருள்! பட்டறை மொழியில் வடக்கும் தெற்கும் என்றோ ஒத்துப்போயிருக்கின்றன.

நம்பரை நம்பி வாங்கினாலும் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் வரக் கூடாது. நான் வாங்கிய ஒரு துருப்பிடிக்காத தகடு ஒரு விளிம்பில் 0.40, மறு விளிம்பில் 0.43 காட்டியது. பாத்திரத்துக்கு அது ஒரு குறையன்று; நமக்குக் குறை.

கடைந்தெடுத்த இடைத்தகடுகள் ஆயத்தமாகவும் கிடைக்கின்றன. ஜெர்மானியத் தரம் டின் 988 என்று சொல்லிக் கேட்க வேண்டும். எட்டு மி.மீ. போல்ட்டுக்கு உள்விட்டம் 8, வெளிவிட்டம் 14. பத்துக்கு 10, 16. பன்னிரண்டுக்கு 12, 18. கனம் 0.1-இலிருந்து படிப்படியாக உண்டு. விலை கொடுக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 0.1, 0.2, 0.5, 1.0 ஆகிய நான்கு கனங்கள் இருந்தால் எந்த இடைவெளியையும் 0.1-க்குள் நிரப்பிவிடலாம், எல்லாக் கனமும் வாங்குவது வீண்செலவு.

பணம் குறைந்தவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. எட்டு மி.மீ. போல்ட்டுக்கான சாதாரண வாஷரின் பெயரளவுக் கனம் 1.6. ஆனால் தரவிதிப்படி அது 1.4 முதல் 1.8 வரை இருக்கலாம். ஆகவே மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து பிரித்தால் 1.5, 1.6, 1.7 என்று வகைவகையாக இடைத்தகடுகள் கையில் இருக்கின்றன! ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பொட்டலத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒரே சுருளிலிருந்து வெட்டியவை. அவற்றின் கனமும் ஒன்றாகவே இருக்கும். நாலு கடையில் நாலு பொட்டலம் வாங்கினால்தான் வேறுபாடு கிடைக்கும். அச்சில் வெட்டிய வாஷருக்கு ஒரு பக்கம் பிசிறும் மறுபக்கம் மழுங்கிய விளிம்பும் இருக்கும்; கண்ணாடிப் பலகையின்மேல் எமரித்தாளை விரித்துப் பிசிறைத் தேய்த்து எடுத்தபின் அளக்க வேண்டும்.

கையால் செய்வதும் கடினமன்று. மெல்லிய தகட்டில் நேராகத் துளைபோடுவது மட்டும் ஆகாத காரியம். துளைக்கருவி தகட்டைக் கவ்விச் சுழற்றும், துளை முக்கோணமாகும், விரல் அறுபடும். உள்ளங்கை அளவில், ஆறு மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புப் பலகைகளை ஒன்றாகப் பிடித்து எட்டு மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். மூலைகளில் போல்ட்டுப் போட்டு இரண்டையும் இணையுங்கள். தகட்டை நடுவில் செருகி இறுக்கி, முனை தட்டையாகத் தேய்த்த எட்டு மி.மீ. கடின எஃகுக் கம்பியை அந்தத் துளையில் நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. துளை கத்தியால் வெட்டியதுபோல் வரும். துளையைச் சுற்றிக் கத்தரியால் பதினாறு மி.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். இப்படி இருபது சதுரங்களை ஒரு போல்ட்டில் கோத்து, இருபுறமும் தடித்த வாஷர் வைத்து, நட்டால் நன்றாக முடுக்கி, லேத்தில் பிடித்து மெல்ல மெல்ல 14 விட்டத்துக்குக் கடைந்தால் இருபது இடைத்தகடுகளும் ஒன்றாக வட்டமாகும். துளையை முதலில் போட்டு வட்டத்தைப் பின்னால் கடைவதுதான் இதில் முக்கியம். மாற்றிச் செய்தால் நடு பிசகும். பெரிய எண்ணிக்கையில் வேண்டுமானால் லேசர் வெட்டும் பட்டறையில் கொடுக்கலாம். அங்கேயும் விளிம்பில் உருகி ஒட்டிய பிசிறு இருக்கும். எமரித்தாள் வேலை தப்பாது.

எந்தப் பொருளில் செய்வது? குளிர்பானக் குவளையின் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனமுள்ளது, கத்தரியால் வெட்டலாம், செலவே இல்லை. ஆகையால் பலரும் அதை நாடுகிறார்கள். அளவு பார்க்க அது உதவும். வண்டியில் வைத்து ஓட்ட உதவாது. ஏன் என்பதற்கு முன்பு சொன்ன 15,600 நியூட்டன் கணக்கையே இன்னும் ஓர் அடி எடுத்துச் செல்வோம். 25 மி.மீ. நீளமுள்ள பிடியில், இழுபரப்பு 36.6 சதுர மி.மீ. உள்ள எஃகு போல்ட்டு அந்த விசையில் எவ்வளவு நீளும்? விசையை நீளத்தால் பெருக்கி, பரப்பாலும் எஃகின் மீள்தன்மை எண்ணாலும் வகுத்தால் 0.05 மி.மீ. வருகிறது. ஒன்றரை டன் இறுக்கமும் இந்த 0.05 மி.மீ. நீட்சியில்தான் அடங்கியிருக்கிறது! மென்மையான அலுமினியத் தகடு நசுங்கி 0.025 மி.மீ. இளைத்தால், இறுக்கத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். நட்டு ஓர் இழைகூடத் திரும்பியிருக்காது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். காகிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சவரத் தகடும் 0.1 மி.மீ. தான், கடினமானது தான். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். பித்தளை பரவாயில்லை என்றாலும் நான் எஃகையே விரும்புகிறேன்.

பெயிண்ட் பூசிய காதின்மேல் இடைத்தகட்டை வைப்பதும் இதே காரணத்தால் தவறு. பெயிண்டும் ஒரு மென்மையான ஷிம் தான். அதுபோலவே பத்து மெல்லிய தகடுகளை அடுக்குவதைவிடத் தடித்தது ஒன்றும் மெல்லியது ஒன்றும் வைப்பது மேல். ஒவ்வொரு முகமும் அழுத்தத்தில் சிறிது படியும். முகங்கள் குறைந்தால் படிவும் குறையும்.

இதுவரை சொன்னது இடைவெளியை நிரப்பும் தகடு. சக்கரத்தின் சாய்வைத் திருத்தவும் இதே தகடு பயன்படுகிறது. சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்ந்தால் அதை எதிர்ச்சாய்வு என்கிறோம். பட்டறையில் 'நெகட்டிவ் கேம்பர்'. நிமிர்துண்டுக்கும் மேல்கையின் பிடிக்கும் நடுவே தகடு வைத்தால் சக்கரத்தின் தலை வெளியே தள்ளப்படும். எடுத்தால் உள்ளே வரும். மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவே 200 மி.மீ. இருந்தால், ஒரு மி.மீ. தகடு ஏறக்குறைய 0.29 டிகிரி. எதிர்ச்சாய்வை ஒன்றரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குக் குறைக்க வேண்டுமானால் 1.75 மி.மீ. சேர்க்க வேண்டும். இங்கே வளையத் தகட்டைவிட லாட வடிவில் ஒரு பக்கம் திறந்த தகடு வசதி. போல்ட்டை முழுதும் கழற்றாமல் தளர்த்திச் செருகலாம். மேல்கை உள்ள பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இந்த முறையில்தான் சாய்வைத் திருத்தினார்கள். சாய்வை மாற்றினால் சக்கரங்களின் முன்நோக்கும் மாறிவிடும்; ஸ்டியரிங் கம்பி பழைய நீளத்திலேயே இருப்பதே காரணம். ஆகவே சாய்வை முதலில் முடித்து, முன்நோக்கைப் பிறகு திருத்த வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பக்கம் எத்தனை தகடு, என்ன கனம் என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். ஒரு கையைக் கழற்றினால் அதன் தகடுகளை உடனே அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து, எண் எழுதிய அட்டையைக் கட்டிவிடுவது வழக்கம். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் முறுக்குச் சாவியால் மறுபடி 25-க்குச் சரிபார்த்து, நட்டின்மேலும் காதின்மேலும் படும்படி மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கிறோம். கோடு பிசகினால் நட்டு நகர்ந்தது என்று தெரியும். கோடு பிசகாமலே இறுக்கம் குறையலாம் என்பதை மேலே பார்த்தோம். ஆகையால் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் முறுக்குச் சாவியும் வருகிறது. அதைப் பிடிப்பவன் பெரும்பாலும் என் அறைத்தோழனே. தன் வண்டியின் நட்டைத் தானே பார்க்க வேண்டும் என்கிறான், நானும் தடுப்பதில்லை.